குமிழி வெடித்த பின் கூறப்படும் ஆரூடங்கள்

ஊக வாணிபத்தினால் ஊதிப் பெருத்த பங்கு விலைகள் சரியத் தொடங்கியதும் முதலீட்டாளர் மத்தியில் எழுகின்ற கேள்வி ஒன்றே. சரிவு முடிந்துவிட்டதா, அடுத்த வாரம் விலை ஏறுமா என்பதே அது. இதற்குத் திட்டவட்டமாக விடை கூற முன்வருவோருக்கும் அவ்வேளைகளில் குறைவிருப்பதில்லை. அவர்களை நம்புவது எத்துணை ஆபத்தானது என்பதற்கு வரலாறே சாட்சி.

1929 செப்டெம்பர் 3ஆம் திகதி நியூயோர்க் சந்தையின் டோவ் ஜோன்ஸ் சுட்டெண் 381 புள்ளிகளில் நின்றது. பங்கு விலைகள் நிரந்தரமானதோர் உயர்நிலையை எட்டிவிட்டதாக யேல் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் இர்விங் பிஷர் ஒக்டோபரில் கூறினார். அதே மாத இறுதியில் சந்தை நொருங்கியது. பிஷரும் தமது செல்வத்தின் பெரும்பகுதியை இழந்தார். நவம்பர் நடுப்பகுதியில் சுட்டெண் 199 ஆகியது.

கதை அத்துடன் முடியவில்லை. 1930 ஏப்ரலில் சுட்டெண் 294 வரை மீண்டெழுந்தது. இடர் நீங்கியதென நம்பி அப்போது 100 டொலர் முதலிட்டவருக்கு, சுட்டெண் 41 ஆக வீழ்ந்த 1932 ஜூலையில் எஞ்சியது ஏறத்தாழ 14 டொலர் மாத்திரமே. பழைய உச்சத்தைத் தொடுவதற்கு 1954 வரை காத்திருக்க நேர்ந்தது.

நாளாந்த ஏற்றங்களில் மிகப் பெரியவை சில இத்தகைய சரிவுக் காலங்களிலேயே நிகழ்ந்துள்ளன என்பது கவனிக்கத்தக்கது. 2001 ஜனவரி 3ஆம் திகதி அமெரிக்க மத்திய வங்கி எதிர்பாராத விதமாக வட்டி வீதத்தைக் குறைத்தபோது, நாஸ்டாக் சுட்டெண் ஒரே நாளில் 14 சதவீதம் உயர்ந்தது. 2002 ஒக்டோபரில் அதே சுட்டெண் அன்றைய மட்டத்தில் பாதியைக்கூட எட்டாத நிலைக்கு வீழ்ந்தது.

இதற்கான காரணம் எளிதானது. கடன்பட்டுப் பங்கு வாங்கியோர், விலை வீழ்கையில் விருப்பமின்றியே விற்க நிர்ப்பந்திக்கப்படுகின்றனர். விலை வீழுமென எண்ணி இரவல் பங்குகளை விற்றவர்களோ, விலை சற்று ஏறினாலும் அவற்றை அவசரமாகத் திரும்ப வாங்குகின்றனர். எனவே அன்றாட ஏற்ற இறக்கத்தைத் தீர்மானிப்பது கம்பனிகளின் இலாபம் அல்ல, நெருக்கடியும் அச்சமுமே. இவற்றை எந்த வரைபடமும் முன்கூட்டிக் காட்டுவதில்லை.

இது தூரதேசத்துக் கதை மாத்திரமல்ல. யுத்தம் ஓய்ந்த 2009இல் சுமார் 125 சதவீதமும் மறுவருடம் சுமார் 96 சதவீதமும் உயர்ந்த கொழும்பு பங்குச் சந்தையின் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண், 2011 பெப்ரவரியில் 7,800 புள்ளிகளைத் தாண்டியது. 2012 நடுப்பகுதியில் அது 5,000 புள்ளிகளுக்கும் கீழிறங்கியது.

நீண்டகாலம் பொறுத்திருக்கக் கூடியவருக்குப் பங்கு முதலீடு தகாததல்ல. ஆனால் பிள்ளைகளின் படிப்புக்கும் திருமணத்துக்கும் சேமித்த பணத்தையோ, கடன் வாங்கிய பணத்தையோ அடுத்த வார ஆரூடத்தை நம்பிச் சந்தையில் இடுவது முதலீடாகாது. ஆரூடம் பொய்த்தால் நட்டத்தைச் சுமக்கப் போவது அதைச் சொன்னவரல்ல என்பதை நாம் மறந்துவிடலாகாது.