கரையேறிய குரங்கும் கரையேறாத அரக்கனும்

2013 மே மாதக் கடைசி வாரம் அமெரிக்காவில் ஒரு தற்செயல் நடந்தது. 26ஆம் தேதி ஞாயிறு இரவு, அனிமல் பிளானட் சேனல் கடல்கன்னிகளுக்குப் புதிய ஆதாரம் கிடைத்துவிட்டதாக ஒரு நிகழ்ச்சியை ஒளிபரப்பியது. அந்தச் சேனலில் அதுவரை அத்தனை பேர் பார்த்த நிகழ்ச்சி வேறு கிடையாது. மூன்று நாள் கழித்து, 29ஆம் தேதி, காமிக்ஸ் கடைகளுக்கு ‘தி வேக்’ தொடரின் முதல் இதழ் வந்தது. எழுத்து ஸ்காட் ஸ்னைடர், ஓவியம் ஷான் மர்ஃபி, வெளியீடு டிசி காமிக்ஸின் வெர்டிகோ பிரிவு.

இரண்டிலும் ஒரே சரக்குதான். கடலடியில் விளங்காத ஒரு சத்தம், மனிதச் சாயலில் ஒரு கடல் பிராணி, அது எப்படி வந்தது என்பதற்கு விளக்கமாக ஒரு பழைய பரிணாமக் கருத்து. ஒன்று ஆவணப்பட வேஷம் போட்டுக்கொண்டு வந்தது. இன்னொன்று ‘நான் கதை’ என்று சொல்லிக்கொண்டே வந்தது.

காமிக்ஸ் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிடறேன். லீ ஆர்ச்சர் திமிங்கலச் சத்தங்களில் நிபுணரான கடல் உயிரியலாளர். எந்தத் திமிங்கலத்தோடும் பொருந்தாத ஒரு சத்தத்தைக் கேட்கவைத்து, அலாஸ்காவுக்கு அப்பால் கடலுக்கடியில் ரகசியமாக இயங்கும் ஓர் எண்ணெய்த் தளத்துக்கு அரசாங்க ஆள் ஒருவர் அவரை அழைத்துப் போகிறார். அங்கே ‘மெர்’ ஒன்று பிடிபட்டிருக்கிறது. முதல் 5 இதழ்கள் மூச்சுமுட்டும் திகில் கதை. அடுத்த 5 இதழ்கள் 200 வருஷம் தள்ளி, அமெரிக்க நகரங்கள் தண்ணீரில் மூழ்கிய பிறகு நடக்கின்றன. நடுநடுவே வரலாற்றுக்கு முந்தைய காலத்துக்கும் தாவும். இந்தப் பிராணிகளுக்கும் நமக்கும் என்ன உறவு என்று பாத்திரங்கள் விவாதிக்கிற இடத்தில்தான் ‘நீர்வாழ் குரங்கு’ என்ற கருத்து தலைகாட்டுகிறது. அது ஸ்னைடரின் கற்பனை இல்லை, அசல் சரித்திரம்.

அதை ஆரம்பித்துவைத்தவர் சர் அலிஸ்டர் ஹார்டி. லேசான ஆள் கிடையாது. 1925இல் ‘டிஸ்கவரி’ கப்பலில் அண்டார்டிகாவுக்குப் போனவர். ஓடும் கப்பலுக்குப் பின்னால் கட்டி இழுத்தபடியே மிதவை நுண்ணுயிர்களைச் சேகரிக்கும் கருவியைக் கண்டுபிடித்தவர். அதன் வாரிசுக் கருவிகள் இன்றைக்கும் வேலை செய்கின்றன. திமிங்கலங்களின் தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பை நேரில் பார்த்திருந்த அவர், 1929இல் வந்த ஓர் உடற்கூறியல் நூலில், மனிதனுக்கு மட்டும் ஏன் தோலோடு ஒட்டிய கொழுப்பு, மற்ற குரங்கினங்களுக்கு ஏன் இல்லை என்ற கேள்வியைப் படித்தார். நம் மூதாதைகள் ஒரு காலத்தில் கரையோரத் தண்ணீரில் வாழ்ந்தவர்களோ என்று அவருக்குத் தோன்றியது. மயிர் உதிர்ந்தது, கொழுப்பு சேர்ந்தது, இடுப்பளவு தண்ணீரில் நிற்கப் பழகி நிமிர்ந்தது எல்லாவற்றையும் அதோடு கோத்தார்.

கோத்துவிட்டு 30 வருஷம் வாயைத் திறக்கவில்லை. பேராசிரியர் பதவி கைக்கு வர வேண்டியிருந்ததே! ஆக்ஸ்ஃபோர்டில் ஓய்வுபெறப் போகிற நேரத்தில், 1960 மார்ச்சில், பிரைட்டன் நகரில் முக்குளிப்போர் சங்கம் ஒன்றின் கூட்டத்தில் போட்டு உடைத்தார். பத்திரிகைகள் கண்ணும் மூக்கும் வைத்து எழுதவே, அதே மாதம் ‘நியூ சயின்டிஸ்ட்’ இதழில் தானே ஒரு கட்டுரை எழுதி விளக்க வேண்டியதாயிற்று.

ஆனால் உலகம் முழுக்க அதைக் கொண்டுபோனது ஹார்டி இல்லை. வேல்ஸின் சுரங்கத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்து, பிபிசிக்கு நாடகம் எழுதிக்கொண்டிருந்த எலைன் மோர்கன். அன்றைய பரிணாமப் புத்தகங்களில் எல்லாமே வேட்டைக்காரனுக்காக. ஆண் புல்வெளியில் ஓடினான், வேர்த்தான், மயிர் உதிர்ந்தது, நிமிர்ந்தான். பெண் எங்கே? குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு குகையில் காத்திருந்தவளுக்கு ஏன் மயிர் உதிர்ந்தது? மோர்கன் இதைக் கேட்டார், கிண்டலோடு கேட்டார். 1972இல் வந்த அவருடைய புத்தகம் பரபரப்பாக விற்றது.

கேள்வி அபாரம். விடை நிற்கவில்லை. நீர்நாய்க்கும் சீலுக்கும் தண்ணீரில் வாழ்ந்தும் அடர்ந்த மயிர் இருக்கிறது. தரையில் திரியும் யானைக்கும் காண்டாமிருகத்துக்கும் இல்லை. நம்மை மாதிரி வேர்த்துக் கொட்டும் உடம்பு வெயிலில் உதவும், தண்ணீருக்குள் எதற்கு? மோர்கன் தன் நீர்க்காலத்தைப் புதைபடிவம் கிடைக்காத ஓர் இடைவெளியில் வைத்திருந்தார். பின்னால் கிடைத்த எலும்புகள் அந்த இடைவெளியை அடைத்தன, நீர்வாழ்வுக்கான அடையாளம் இல்லாமலே. எல்லாக் கேள்வியையும் ஒரே விடைக்குள் ஒதுக்கும் இம்மாதிரிக் கருத்துகளை, 1997இல் ஜான் லாங்டன் என்ற மானுடவியலாளர் குடையோடு ஒப்பிட்டு விமர்சித்தார். பொருத்தமான பேர்தான்.

அதேசமயம், மோர்கன் கேலிசெய்த புல்வெளிக் கதையும் தப்பிக்கவில்லை. தென்னாப்பிரிக்காவின் ஃபிலிப் டோபியாஸ், அத்துறையின் பெரிய தலை, அந்தப் பழைய சித்திரத்தைக் கைவிட வேண்டியதுதான் என்று 1995இல் லண்டனில் பேசினார். நிமிர்ந்து நடந்த ஆதிமனிதர்களின் சூழலில் மரங்கள் நிறையவே இருந்திருக்கின்றன. எதிராளியின் கதையில் இருந்த ஓட்டையை மோர்கன் சரியாகவே பார்த்திருக்கிறார் என்பது என் எண்ணம்.

இப்போ சத்தத்துக்கு வருவோம். 1997இல், அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல ஆய்வு நிறுவனமான நோவா, பசிபிக்கில் போட்டிருந்த நீரடி ஒலிவாங்கிகளில் ஒரு பயங்கரச் சத்தம் பதிவானது. சுமார் 5,000 கிலோமீட்டர் இடைவெளியில் இருந்த கருவிகளுக்கும் கேட்டது. ‘ப்ளூப்’ என்று பெயர் வைத்தார்கள். எந்தத் திமிங்கலத்தாலும் முடியாத சத்தம் என்றதும், லவ்கிராஃப்டின் தூங்கும் அரக்கனே புரண்டு படுத்துவிட்டது என்று ரசிகர்கள் குதூகலித்தார்கள். பனிப்பாளம் விரிசல்விட்டு உடையும்போது வருகிற சத்தம் அது என்று பிற்பாடு தெரிந்தது. எனக்கு அரக்கனைவிடப் பனிப்பாளம்தான் பயமாக இருக்கிறது.

அனிமல் பிளானட் இதையெல்லாம் அள்ளிக்கொண்டது. 2012இல் வந்த முதல் பாகத்திலேயே ப்ளூப்பும் இருந்தது, நீர்வாழ் குரங்கும் இருந்தது, நோவாவின் முன்னாள் விஞ்ஞானி என்ற பெயரில் ஒரு நடிகரும் இருந்தார். கற்பனை என்ற அறிவிப்பு, கடைசியில் பெயர்கள் ஓடும்போது கண்ணுக்குத் தெரியாத மாதிரி. மனிதச் சாயல் கொண்ட நீர்வாழ் உயிர் எதற்கும் ஆதாரம் கிடைத்ததில்லை என்று ஓர் அரசு அறிவியல் நிறுவனம் தன் இணையதளத்தில் எழுதிவைக்க வேண்டிய நிலைமை. ஹார்டி 30 வருஷம் பயந்தது இந்த மாதிரி ஒரு கூத்துக்குத்தானோ என்னவோ.

‘தி வேக்’ அதே பொருட்களை எடுத்து யாரையும் ஏமாற்றவில்லை. தோற்றுப்போன ஒரு கருதுகோளை அரக்கனாக்கி, உண்மையான பயம் ஒன்றின் பக்கத்தில் நிறுத்துகிறது. பின்பாதியில் லீவர்ட் என்ற பெண், டாஷ் என்ற டால்ஃபினோடு, மூழ்கிய நகரங்களின் மேல் திரிகிற பக்கங்களை மர்ஃபி வரைந்திருப்பதைப் பார்த்தால் புரியும். கடைசி இதழில் ஸ்னைடரும் தன் பங்குக்கு ஒரு பெரிய குடையை விரிக்கிறார். எனக்கு அது ஒட்டவில்லை, சொல்லிக் கெடுக்கவும் போவதில்லை. 2014இல் சிறந்த குறுந்தொடருக்கும் சிறந்த ஓவியருக்கும் ஐஸ்னர் விருதுகள் கிடைத்தன. ஓவியருக்கான விருதில் எனக்கு மறுப்பே கிடையாது.

தொடரின் ஆரம்ப இதழ்கள் வந்துகொண்டிருந்தபோதே, 2013 ஜூலை 12ஆம் தேதி, எலைன் மோர்கன் தன் 92ஆவது வயதில் காலமானார். கடைசிவரை அவர் தன் கருத்திலிருந்து இறங்கவே இல்லை.