துப்பாக்கியும் துவக்கும் இரட்டைக்குழலும்

துப்பாக்கி துருக்கிய மொழியிலிருந்து வந்த சொல். 11ஆம் நூற்றாண்டில் மஹ்மூத் காஷ்கரி தொகுத்த அகராதியில் இதன் பழைய வடிவம் ஊதுகுழலைக் குறிக்கிறது. வெடிமருந்து பரவியபின் அப்பெயர் இரும்புக் குழலுக்கு ஏறியது. பாரசீகத்தில் துஃபங், தெலுங்கில் துபாகி, தமிழகத்தில் துப்பாக்கி. திருக்குறளின் வான்சிறப்பில் வரும் ‘துப்பாக்கி’க்கு உணவாக்கி என்பதே பொருள், இரண்டையும் முடிச்சுப் போடுவது வேடிக்கைக்கு உதவும், ஆராய்ச்சிக்கு உதவாது.

இலங்கைத் தமிழில் அதே சொல் துவக்கு, சிங்களத்தில் துவக்குவ. இலங்கையின் ஊவா மாகாணத்தில் இவை பக்கத்துப் பக்கத்தில் வழங்குகின்றன: தமிழகத்திலிருந்து வந்த தோட்ட மக்கள் கொண்டுவந்தது துப்பாக்கி, அடுத்த கிராமத்தில் துவக்குவ.

அதே ஊவாவில், பதுளையில் நிர்வாகியாயிருந்த மேஜர் தாமஸ் வில்லியம் ரோஜர்ஸ் 1,400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் எனப்படுகிறார். 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி மாண்டார். பதுளைப் புனித மாற்கு தேவாலயம் அவர் நினைவாகக் கட்டப்பட்டது. அக்காலத் துவக்கில் குழல்வாயில் மருந்தையும் குண்டையும் இட்டுக் கோலால் இடித்து இறுக்க வேண்டும். ‘கெட்டித்தல்’ என்ற வினை அந்த வேலையின் பெயர். காயம்பட்ட யானைமுன் மறுபடி கெட்டிக்க நேரம் ஏது? இரண்டாம் குழலின் தேவை அதுதான். பின்புறம் மடக்கித் தோட்டா இடும் வகைக்குக் கெட்டித்தல் தேவைப்படவில்லை. சுத்தியல்போல் விழும் உறுப்பான ‘குதிரை’ குழலுக்கு ஒன்றாக வெளியே நின்றது, பின்னர் உள்ளே மறைந்தது.

செய்தித்தாள்களில் வரும் ‘போர 12’ குழலின் துளையளவு: ஒரு இறாத்தல் ஈயத்தில் 12 உருண்டை வார்த்தால் ஓர் உருண்டையின் விட்டம், ஏறத்தாழ 18.5 மில்லிமீற்றர். 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் இலங்கைச் சுடுகலன் கட்டளைச் சட்டப்படி துவக்கு வைத்திருக்க உரிமம் வேண்டும். பன்றிக்கென வழியில் மறைத்துக் கட்டும் ‘கட்டுத்துவக்கு’ சட்டவிரோதம். இடறும் கம்பிக்குப் பன்றியென்றும் ஆளென்றும் தெரியாது.

பழைய இரட்டைக்குழலைப் புதுப்பிப்பதில் பெரிய ஆபத்து அவசரம். குழல்கள் ஈயப்பற்றால் ஒட்டப்பட்டவை. இக்காலத்துச் சூடான காரக்கரைசலில் முக்கிக் கருமையாக்கினால் காரம் பற்றை அரித்துக் குழல்களைப் பிரித்துவிடும். மெல்லத் துருவேற்றி, கொதிநீரில் அவித்து, தேய்த்து, மீண்டும் துருவேற்றும் பழைய முறையே ஏற்றது. இரும்பையும் எஃகையும் முறுக்கிப் பற்றவைத்த டமாஸ்கஸ் குழலில் இவ்வாறு செய்தால் வரிக்கோலம் மேலெழும். அழகைக் கண்டு புகையில்லா மருந்துத் தோட்டாவை இட்டுச் சுடக்கூடாது. கரிமருந்தின் அழுத்தத்துக்குச் செய்த அக்குழல் வெடிக்கலாம். வால்நட் மரப் பிடங்குக்கு வார்னிஷைவிட ஆளிவிதை எண்ணெய் பொருந்தும். மலைப்பனியின் ஈரத்தில் எண்ணெய் காய நாட்கள் பிடிக்கும்.