பின்னால் வைக்கிற குளிசை

வாட்டில் தாதி பிள்ளைக்குப் பின்னால் குளிசை வைக்க வந்தால் நாம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். வெட்கப்பட ஒன்றுமில்லை. எகிப்தின் பழைய மருத்துவச் சுருள்களில் இந்த முறை உண்டு. இப்னு ஸீனாவின் அல்கானூனிலும் உண்டு.

ஆனால் உள்ளே வைத்த மருந்தில் எவ்வளவு இரத்தத்தில் சேர்கிறது என்று அளந்து பார்த்தது பிந்திய காலத்தில்தான். மலேரியா முற்றிய பிள்ளை வாந்தி எடுக்கும், வலிப்பு வரும், எதையும் விழுங்காது. ஊசி போடக் கிராமத்தில் ஆளில்லை. மலவாசலின் கீழ்ப்பகுதி நரம்புகளோ மருந்தை ஈரலைச் சுற்றவிடாமல் நேரே இரத்த ஓட்டத்தில் சேர்க்கும். அதனால் ஆர்ட்டிசுனேட் மருந்தை அவ்வழியே கொடுக்க முயன்றார்கள்.

சிக்கல் வெயில். வழமையான கொக்கோ வெண்ணெய் 34 பாகையளவிலேயே உருகிவிடும். ஆபிரிக்கக் குடிசையில் அது எங்கே நிற்கப்போகிறது? மென்மையான ஜெலட்டின் உறையில் 100 மில்லிகிராம் அடைத்தார்கள். கானாவில் சுகமில்லாத பிள்ளைகளுக்கு ஆர்ட்டிசுனேட்டை இவ்வழியே கொடுத்து, இடைவெளி விட்டு இரத்தம் எடுத்து, நரம்பூசியோடு ஒப்பிட்டார்கள். உறிஞ்சும் அளவு பிள்ளைக்குப் பிள்ளை வேறுபட்டது. ஆனாலும் கிருமி வேகமாகக் குறைந்தது.

பங்களாதேஷ், கானா, தான்சானியா ஆய்வின் முடிவு 2009இல் வந்தது. 6 மணி நேரம் கடந்தும் வைத்தியசாலை சேராதவர்களில், வெற்றுக் குளிசை பெற்ற நூற்றுக்கு ஏறக்குறைய 4 பேர் இறந்தார்கள் அல்லது நிரந்தர ஊனமானார்கள். மருந்து பெற்றவர்களில் அது 2.

பிறகு கொங்கோ, நைஜீரியா, உகண்டாவில் பரவலாகக் கொடுத்தபோது மரணம் குறையவில்லை. 2022இல் உலக சுகாதார ஸ்தாபனம் புதிய விநியோகத்தைக் கொஞ்சக் காலம் நிறுத்தச் சொன்னது. குளிசை வைத்த பல பிள்ளைகளுக்கு அதன்பின் கிடைக்கவேண்டிய முழுச் சிகிச்சை கிடைத்திருக்கவில்லை.