சத்திரத்திலிருந்து ஓட்டல் வரை: நம் வடக்குச் சாலையின் கதை



சென்ற பொதுக்குழுவில் மெயின்டெனன்ஸ் கணக்கைப் படித்து முடிப்பதற்குள் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது நினைவிருக்கும். கூட்டுச்சாலைப் பக்கம் ஓட்டலும் கடைகளும் சேர்ந்த பெரிய வளாகம் வரப்போகிறது என்று யாரோ சொல்ல, கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிட இடம் கிடைக்கும், பிளாட்டின் விலையும் ஏறும் என்று ஒரு பக்கம். இருக்கிற தண்ணீரும் போய்விடும், ஞாயிற்றுக்கிழமை வண்டியை வெளியே எடுக்க முடியாது என்று இன்னொரு பக்கம். முடிவு எதுவும் எட்டாமலேயே டீ வந்துவிட்டது.

அன்று வீட்டுக்கு வந்த பிறகு எனக்குத் தோன்றியது இதுதான். இந்தச் சாலையில் வழிப்போக்கருக்கு இடமும் சோறும் கொடுப்பது நேற்று ஆரம்பித்த தொழில் அல்ல. நாம்தான் புதிதாக வந்தவர்கள். அந்தப் பழைய கதையைக் கொஞ்சம் தெரிந்துகொண்டு அடுத்த கூட்டத்துக்குப் போனால் பேச்சு உருப்படியாக இருக்கும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

சென்னையிலிருந்து வரும்போது செங்குன்றம், காரனோடை தாண்டினால் பெரியபாளையத்துக்குத் திரும்பும் இடத்தின் பெயர் என்ன? ஜனப்பன்சத்திரம். தினமும் அந்தப் பெயரைச் சொல்லி டிக்கெட் வாங்குகிறோம், கடைசியில் இருக்கும் 'சத்திரம்' மட்டும் காதில் விழுவதில்லை. நடந்தும் மாட்டு வண்டியிலும் போன காலத்தில், ஒரு நாள் நடை தூரத்துக்கு ஒரு சத்திரம், ஒரு கிணறு, நிழலுக்கு நாலு மரம் என்று இருந்தால்தான் பயணம் நடக்கும். சத்திரத்தை ஒட்டி அரிசி, பருப்பு, விறகு, மண்பானை விற்கும் கடை தானாக வரும். ஓட்டலும் கடைவீதியும் சேர்ந்தே வருவது அன்றே தொடங்கிய வழக்கம்.

இதற்கு நல்ல சாட்சி ஏனுகுல வீராசாமி. சென்னை சுப்ரீம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். 1830 மே மாதம் பெரிய கூட்டத்தோடு சென்னையிலிருந்து கிளம்பி, காளஹஸ்தி, திருப்பதி வழியாகக் காசிக்குப் போய், 1831 செப்டம்பரில் திரும்பினார். வழியெல்லாம் தெலுங்கில் எழுதி வைத்த குறிப்புகள் பின்னர் 'காசி யாத்திரை சரித்திரம்' என்ற புத்தகமாக வந்தன. கோயில்களைப் பற்றி எழுதிய அளவுக்கு, எந்த ஊரில் சத்திரம் இருக்கிறது, எங்கே குடிக்கத் தண்ணீர் கிடைக்கும், எங்கே கடை இருக்கிறது, என்ன சாமான் வாங்கலாம் என்பதையும் விடாமல் எழுதியிருக்கிறார். இன்று ஓட்டலுக்கு ஸ்டார் போட்டு ரிவ்யூ எழுதுகிறோமே, அதைப் பல்லக்குப் பயணத்தில் செய்தவர் அவர்.

ரயில் வந்ததும் சத்திரங்களின் மவுசு குறைந்தது. வழியில் தங்க வேண்டிய தேவை போய், போய்ச்சேரும் ஊரில் தங்க வேண்டிய தேவை வந்தது. அந்தத் தேவையை முதலில் மோப்பம் பிடித்தவர்கள் மவுண்ட் ரோட்டு வியாபாரிகள். 1863 வாக்கில் சார்லஸ் டூரண்ட்டும் ஜே.டபிள்யூ. ஸ்பென்சரும் அங்கே ஒரு கடை போட்டார்கள். பின்னர் யூஜின் ஓக்ஷாட் என்பவர் கைக்கு அது வந்தது. அவர் செய்த காரியம்தான் நம் விஷயத்துக்குப் பொருத்தமானது. 1891இல் பக்கத்திலிருந்த கன்னிமரா ஓட்டலை வாங்கினார். 1895இல் அதன் அருகிலேயே சிவப்பு நிறத்தில் பெரிய ஸ்பென்சர் கட்டடத்தைத் திறந்தார். ஓட்டலில் தங்குபவர் கடைக்கு வருவார், கடைக்கு வந்தவர் ஓட்டலில் சாப்பிடுவார். ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளையும் அந்த நிறுவனமே நடத்தியது. ஆக, ஓட்டலும் மாலும் ஒரே வளாகத்தில் என்று இன்று விளம்பரம் செய்வது நூற்றிமுப்பது வருஷத்துப் பழைய யோசனை. அந்தச் சிவப்புக் கட்டடம் 1980களில் தீக்கிரையாகி, அங்கே 1991இல் ஸ்பென்சர் பிளாசா எழுந்தது. நம்மில் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் முதன்முதலில் ஏசி கடைவீதியில் நடந்தது அநேகமாக அங்கேதான்.

தியாகராய நகரின் கதை வேறு மாதிரி. 1920களில் நீண்ட ஏரி ஒன்றைத் தூர்த்து, மனை பிரித்து, குடியிருப்புக்கென்றே போட்ட நகர் அது. நடுவில் பனகல் பூங்கா, சுற்றிலும் தோட்டம் வைத்த வீடுகள். 1928இல் நல்லி சின்னசாமி செட்டியார் பட்டுப்புடவைக் கடை தொடங்கினார். அப்போது யாரும் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். வாசலில் ஒரு கடை வந்தால் வசதிதானே. பிறகு ஒவ்வொன்றாக வந்து, இன்று தீபாவளி சமயத்தில் அங்கே வீடு வைத்திருப்பவர் தன் வீட்டுக்குப் போவதே ஒரு பயணம். ஏரி இருந்த இடம் என்பதை மழை மட்டும் மறக்கவில்லை.

இனி நம் ஊர்ப் பக்கம் வருவோம். ஜி.என்.டி. ரோடு என்று பெரியவர்கள் சொல்லும் கொல்கத்தா நெடுஞ்சாலை, தேசிய நெடுஞ்சாலை 5 என்றிருந்து இப்போது 16 ஆகியிருக்கிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட் வந்தபோது ஓட்டல் என்று பெரிதாக எதுவும் வரவில்லை. லாரி டிரைவர்களுக்கான தாபா, ஷிப்ட் தொழிலாளருக்கான மெஸ், ஆந்திரா சாப்பாடு, தள்ளுவண்டி பிரியாணி. நாற்கரச் சாலை வந்த பிறகுதான் கார் நிறுத்த இடம் வைத்த சைவ ஓட்டல்கள் வரத் தொடங்கின. அவற்றை வாழவைத்ததில் ஆலைகளுக்கு எவ்வளவு பங்கோ, அவ்வளவு பங்கு பெரியபாளையத்து அம்மனுக்கும் சிறுவாபுரி முருகனுக்கும் உண்டு. ஆடி மாதத்தில் அங்கே, செவ்வாய்க்கிழமைகளில் இங்கே. சொந்த வீடு வேண்டுமென்று ஆறு வாரம் சிறுவாபுரிக்குப் போய்வந்து, அப்படியே நம் குடியிருப்பில் பிளாட் புக் செய்தவர்கள் எத்தனை பேர் என்று கணக்கெடுத்தால் சுவாரசியமாக இருக்கும்.

நம்மில் பலருக்குச் சம்பளம் வரும் இடம் கவரைப்பேட்டையிலிருந்து உள்ளே போகும் தேர்வாய் கண்டிகை. அந்தத் தொழிற்பூங்கா எப்படி வந்தது என்பது புதிதாகக் குடிவந்தவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சிப்காட் எடுத்துக்கொண்ட நிலம் சுமார் 1,100 ஏக்கர். வருவாய்த்துறைப் பதிவில் அது மேய்க்கால் புறம்போக்கு. ஊர் மக்களின் பேச்சில் அது 'காடு'. பெரும்பாலும் தலித் குடும்பங்கள் வாழும் ஊர். ஆடு மாடு மேய்ந்தது அங்கே, விறகும் பழமும் மூலிகையும் கிடைத்தது அங்கே, மழைநீர் ஓடிவந்து ஏரிகளில் சேர்ந்ததும் அந்த மேட்டிலிருந்துதான். யார் பெயரிலும் பட்டா இல்லாத நிலம் என்பதால் அரசுக்கு அது காலி இடம், ஊருக்கு அது பிழைப்பு. 2000களின் பிற்பகுதியில் தொடங்கிய எதிர்ப்பு போராட்டம், வழக்கு, கைது என்று பல ஆண்டு நீண்டது. 2009 நவம்பரில் பிரான்ஸ் நாட்டு மிஷெலின் நிறுவனம் 4,000 கோடி ரூபாய் முதலீட்டில் டயர் ஆலை அமைக்க அரசோடு ஒப்பந்தம் செய்தது. பூங்காவுக்குள் அதற்கு ஒதுக்கிய இடம் சுமார் 290 ஏக்கர். 2012இல் ஊர்ச் சங்கமும் பிரான்ஸ் நாட்டு அமைப்புகளும் சேர்ந்து, பன்னாட்டு நிறுவனங்களுக்கான ஓஇசிடி நெறிமுறைகளின் கீழ் அந்நாட்டிலேயே புகார் கொடுத்தன. மறு ஆண்டே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டன. கும்மிடிப்பூண்டி தாலுகாவின் ஒரு கிராமத்து மேய்ச்சல் நிலம் பாரிஸ் வரை போய் வந்தது என்பதை நினைத்தால் வியப்பாக இருக்கிறது.

இதை எழுதுவது யாரையும் குற்றம் சொல்ல அல்ல. அந்த ஆலைகள் இல்லாவிட்டால் நம்மில் பாதிப் பேர் இங்கே இருக்க மாட்டோம். ஆனால் 'வெறும் பொட்டல் காடாக இருந்த இடம் சார்' என்று புரோக்கர் சொல்லும்போது தலையாட்டாமல் இருக்கலாம்.

அதே ஊரின் பெயரில் இப்போது இன்னொன்றும் இருக்கிறது. கண்ணன்கோட்டை, தேர்வாய் கண்டிகை ஆகிய இரண்டு ஏரிகளை இணைத்து, 380 கோடி ரூபாய் செலவில், 500 மில்லியன் கன அடி கொள்ளளவோடு கட்டிய நீர்த்தேக்கம். 2013இல் அடிக்கல் நாட்டி, 2020 நவம்பர் 21 அன்று திறந்தார்கள். பூண்டி நீர்த்தேக்கம் கட்டியது 1944இல். அதன் பின் சென்னைக் குடிநீருக்காகப் புதிதாகக் கட்டிய நீர்த்தேக்கம் இதுதான். ஆந்திராவிலிருந்து வரும் கிருஷ்ணா கால்வாய்த் தண்ணீரும் இதில் சேர்கிறது. கரையில் நின்று பார்த்தால் கடல் மாதிரி இருக்கும். ஆனால் அது சென்னைக்கான தண்ணீர். நம் குழாய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நமக்குப் போர்வெல்லும் டேங்கரும்தான்.

ஓட்டல் வளாகம் பற்றிய பயத்துக்கு அடிப்படை இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் என்று நம்மைச் சுற்றியுள்ள ஊர்களில்தான் சென்னைக்கான கிணற்று வயல்கள் அமைந்தன. அளவுக்கு மீறி உறிஞ்சியதில் மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் உள்ளே ஏறியது. அதை 1960களின் கடைசியிலேயே கண்டுகொண்டார்கள். வந்த உப்பு அரை நூற்றாண்டு ஆகியும் முழுதாகத் திரும்பிப் போகவில்லை. ஓட்டல் என்றால் அறைக்கு அறை குளியல், சலவை, சமையல், கல்யாண மண்டபம் இருந்தால் அதற்கு வேறு. சத்திரத்துக்குக் கிணறு வெட்டியவர் ஊருக்கும் சேர்த்தே வெட்டினார். இன்றைய வளாகம் எவ்வளவு ஆழத்துக்கு எத்தனை போர் போடும் என்பதை நாம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்னொரு விஷயம், யாருக்காக இந்த ஓட்டல்கள்? ஸ்ரீபெரும்புதூரைப் பாருங்கள். 1990களின் கடைசியில் ஹூண்டாய் வந்தது. கொரியக்காரர்களுக்குக் கொரிய உணவகம், தங்குமிடம், மளிகைக் கடை எல்லாம் பின்னாலேயே வந்தன. 2006இல் நோக்கியா ஆலை உற்பத்தியைத் தொடங்க, சுற்று வட்டாரத்தில் வாடகை ஏறியது, மெஸ்ஸும் செல்போன் கடையும் பெருகின. 2014 நவம்பரில் ஆலை மூடியது. வேலை இழந்தவர்களின் கதை செய்தித்தாளில் வந்தது. கடனை வாங்கி மாடி கட்டி அறை வாடகைக்கு விட்டவர்களின் கதை அவ்வளவாக வரவில்லை. அந்த வளாகத்துக்கு வேறு நிறுவனம் வந்து சேரச் சில ஆண்டுகள் ஆயின.

அதே பகுதியில் 2021 டிசம்பரில், விடுதிச் சாப்பாட்டால் பெண் தொழிலாளர்கள் நோயுற்று, அவர்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்து போராடியதும் நினைவிருக்கும். வெளிநாட்டு அதிகாரிக்கு நல்ல ஓட்டல் உண்டு, ஆலையில் நின்று வேலை செய்யும் பெண்ணுக்கு நல்ல விடுதி இல்லை என்பதை ஊரே பார்த்தது. பின்னர் சிப்காட் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பைக் கட்டி, 2024 ஆகஸ்ட்டில் திறந்தது. நம் பக்கத்திலும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பிள்ளைகள் ஓர் அறையில் எட்டுப் பேர் பத்துப் பேர் என்று இருக்கிறார்கள். வளாகத்தில் வரப்போகும் சூப்பர் மார்க்கெட்டில் இரவு ஷிப்ட் போடப்போவதும் அவர்கள்தான். அவர்கள் எங்கே தங்குவார்கள் என்ற கேள்வி அன்றைய கூட்டத்தில் ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை. என் வாயிலிருந்தும்தான்.

வளாகம் வருமா வராதா என்றால், இது இல்லாவிட்டால் வேறொன்று வரும். எண்ணூர்த் துறைமுகத்திலிருந்து மாமல்லபுரம் பக்கம் போகும் சுமார் 133 கிலோமீட்டர் எல்லைச் சாலையும், சித்தூரிலிருந்து வரும் ஆறுவழிச் சாலையும் தச்சூரில்தான் நம் நெடுஞ்சாலையைத் தொடுகின்றன. ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் 2008இல் தொடங்கிய ஸ்ரீசிட்டி இருக்கிறது. சென்னைப் பெருநகர எல்லையையும் 2022இல் 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரித்துவிட்டார்கள். மூன்று பக்கத்து வண்டியும் வந்து சேரும் இடத்தில் சத்திரம் கட்டுவது எந்தக் காலத்து வியாபாரிக்கும் தெரிந்த கணக்கு.

எனவே 'வேண்டும்', 'வேண்டாம்' என்று கை தூக்குவதைவிட, கட்டுபவரிடமும் ஊராட்சியிடமும் எழுத்தில் கேட்க வேண்டியதைக் கேட்கலாம் என்பது என் யோசனை. எத்தனை போர்வெல், எவ்வளவு ஆழம், கழிவுநீரைச் சுத்திகரிப்பார்களா அல்லது ஏரிக்கால்வாயில் விடுவார்களா, வண்டி உள்ளே போகும் வழியும் வெளியே வரும் வழியும் எந்தப் பக்கம், வேலைக்கு வருபவர்களுக்குத் தங்குமிடம் உண்டா. நம் வீட்டுக் கணக்கும் நம் கையில் இருக்க வேண்டும். மூன்று பிளாக்குகளிலும் போர்வெல் போட்டபோது எத்தனை அடியில் தண்ணீர் வந்தது, இப்போது எத்தனை அடி என்ற விவரம் பழைய கமிட்டி உறுப்பினர்கள் சிலரிடம் மட்டுமே இருக்கிறது. தயவுசெய்து அடுத்த கூட்டத்துக்கு முன் அதை அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள். ஜனப்பன்சத்திரத்தில் சத்திரம் இருந்த இடத்தைக் காட்டக்கூடிய பெரியவர் யாரையாவது தெரிந்தவர்கள் இருந்தால் எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.