'உராய்வு' எனும் ஒற்றைச் சொல்

வெடி ஆலை விபத்துச் செய்திகளில் நாம் மீண்டும் மீண்டும் காணும் சொல் 'உராய்வு'. மருந்தைக் கையாளும்போது உராய்வு ஏற்பட்டது, தீப்பற்றியது, இத்தனை பேர் மாண்டனர். வேதியியல் நோக்கில் இது பிழையன்று. ஆயினும், கை ஏன் உராயும்படி விரைந்தது என்னும் வினாவை அச்சொல் மூடிவிடுகிறது. அவ்வினாவைத் தொடர நாம் ஒரு நூற்றாண்டுக்குமேல் பின்செல்ல வேண்டும்.

1888இல் லண்டனின் பிரையன்ட் அண்ட் மே தீப்பெட்டி ஆலையில் பெண்களும் சிறுமியரும் வேலைநிறுத்தம் செய்தனர். கூலியில் பிடிக்கப்பட்ட அபராதங்களும், தாடை எலும்பை அரித்த வெண்பாஸ்பரசும் அவர்களை வருத்தின. 1906ஆம் ஆண்டு பெர்ன் உடன்படிக்கை வெண்பாஸ்பரசைத் தடுத்தது. இந்தியாவில் 1913இல் அதற்கெனச் சட்டம் பிறந்தது. 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தொழில் பயின்று திரும்பியபோது, அந்த நஞ்சு சட்டப்படி விலக்கப்பட்டிருந்தது. ஆகவே சிவகாசித் தீப்பெட்டித் தொழில் தாடைநோயின் கொடுமையை அறியாமலே வளர்ந்தது எனலாம். சட்டம் ஒரு பொருளை விலக்கினால் உடல் காப்பாற்றப்படும் என்பதற்கு இது நற்சான்று.

ஆனால் அந்தச் சட்டம் தொடாத ஒன்று இருந்தது. அதுவே எண்ணிக்கைக் கூலி. குச்சி அடுக்குவதும் பெட்டி ஒட்டுவதும் குரோசுக் கணக்கில் அளக்கப்பட்டன. ஒரு குரோசு 144. மானாவாரிக் கரிசல் பொய்க்கும் ஆண்டுகளில் வாரக் கூலி பெரும் ஆறுதல். அதை மறுப்பது நேர்மையாகாது. எனினும், எண்ணிக்கை கூடினால்தான் அடுப்பு எரியும் என்ற நிலையில் குழந்தையின் விரலும் கணக்கில் சேர்ந்தது. விடியுமுன் பேருந்தில் ஏற்றப்பட்ட அச்சிறாரைச் சலம் பென்னூர்கர் 1990இல் 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்னும் ஆவணப்படத்தில் பதிவுசெய்தார். 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், குழந்தை ஒன்றுக்கு 20,000 ரூபாய் முதலாளி செலுத்த வேண்டுமெனவும், அக்குடும்பத்துப் பெரியவர் ஒருவருக்கு அரசு வேலை தேடித்தர வேண்டுமெனவும் ஆணையிட்டது. குழந்தையின் உழைப்பு பெற்றோரின் கூலியோடு பிணைந்தது என்பதை நீதிமன்றம் உணர்ந்திருந்தது.

வெடித்தொழிலில் இப்பிணைப்பு இன்னும் கொடியது. அறைக்கு இத்தனை பேர், அறைகளுக்கிடையே இவ்வளவு இடைவெளி என விதிகள் உண்டு. ஆயின், உரிமம் பெற்றவர் அறைகளை உள்குத்தகைக்கு விட, குத்தகைதாரர் தீபாவளிக்குமுன் முதலை எடுக்க முனைய, அந்த அவசரம் இறுதியில் கூலியாளின் விரல்களில் வந்து தங்குகிறது. நிதானமாக மருந்து நிரப்புபவர் குறைவாகவே ஈட்டுவார். எச்சரிக்கை உணர்வுக்கே அபராதம் விதிக்கும் முறை இது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் 38 பேர் மாண்டனர். 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் 20க்கும் மேற்பட்டோர் மாண்டபோது, உள்குத்தகை வெளிச்சத்துக்கு வந்தது. 2023 அக்டோபர் 17 அன்று எம். புதுப்பட்டிக் காவல் எல்லைக்குட்பட்ட ரெங்கபாளையத்திலும், அருகே கிச்சநாயக்கன்பட்டியிலும் ஒரே நாளில் 14 உயிர்கள் போயின.

தொழிலாளரின் கவனக்குறைவு என்று இவற்றைச் சொல்லி முடிப்பது எளிது. கவனமாக இருப்பதற்குரிய நேரத்தை அவருக்கு யார் கொடுத்தார் என்று நாம் கேட்டாக வேண்டும். மருந்து அறைகளிலேனும் எண்ணிக்கைக் கூலி ஒழிந்து, நாட்கூலி நிலைபெற வேண்டும். 1913இல் ஒரு நஞ்சை விலக்க முடிந்த நாட்டுக்கு இது இயலாத செயலன்று.