சனத்தா, அரவிந்தவா: 1996இல் அந்த விருது யாருக்குப் போயிருக்க வேண்டும்?

2024 ஒக்டோபர் 28ஆம் திகதி பாரிஸில் பலோன் டோர் விருதை ரொட்ரிக்குக் கொடுத்தார்கள். வினிசியஸுக்குக் கிடைக்கப் போவதில்லை என்று தெரிந்ததும் ரியல் மெட்ரிட் கழகத்திலிருந்து ஒருத்தரும் விழாவுக்குப் போகவில்லை. அடுத்த நாள் இஷாவுக்குப் பிறகு கல்முனைக்குடி கடற்கரையில் எங்கட செட் இரண்டாகப் பிரிந்துவிட்டது. "சம்பியன்ஸ் லீக் எடுத்தவன், ஃபைனல்ல கோல் அடிச்சவன், அவனுக்கு இல்லையாம். நடுவுல நிண்டு பந்து பாஸ் பண்ணினவனுக்காம்" என்று ஒரு பக்கம். "அவன் இல்லாட்டி சிட்டி என்னாகுது எண்டு பாரு" என்று மறுபக்கம்.

இரண்டாவது பக்கத்துக்கு நல்ல ஆதாரம் இருந்தது. ரொட்ரி அந்த செப்டெம்பரில் முழங்கால் காயத்தோடு வெளியே போனார். விருது கொடுத்த கையோடு மென்செஸ்டர் சிட்டி அடுத்தடுத்து 5 ஆட்டங்களில் தோற்றது. ஒருத்தருடைய பெறுமதியை அளக்க இதைவிட நேரடியான வழி இல்லை. ஆளை எடுத்துவிட்டு என்ன மிஞ்சுகிறது என்று பார்ப்பது.

பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்த சாச்சா அப்போதுதான் வாயைத் திறந்தார். "இந்தச் சண்டையெல்லாம் நாங்க 96லயே புடிச்சிட்டம். சனத்துக்குக் குடுத்தானுகள். அரவிந்தவுக்கெல்லோ குடுத்திரிக்கணும்."

எங்களில் பாதிப்பேர் அப்போது பிறக்கவேயில்லை. சனத் ஜயசூரிய என்றால் அடி, அரவிந்த டி சில்வா என்றால் இறுதிப் போட்டி. அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து ஒவ்வொரு ஆட்டத்தின் ஸ்கோரையும் எடுத்துப் பார்த்தேன். சாச்சா சொன்னது எவ்வளவு சரி, எங்கே பிழைத்தது என்று எழுதத்தான் இது.

முதலில் அந்த நேரம் நாடு இருந்த நிலை. 1996 ஜனவரி 31ஆம் திகதி கொழும்பு மத்திய வங்கியில் குண்டு வெடித்து 90க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இரண்டு வாரத்தில் உலகக் கிண்ணம். அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் கொழும்புக்கு வந்து விளையாட மாட்டோம் என்றன. இந்தியாவும் பாகிஸ்தானும் ஒரே அணியாக வந்து கொழும்பில் ஒரு நட்பு ஆட்டம் ஆடிக் காட்டியும் அந்த இரண்டு நாடுகளும் அசையவில்லை. அந்த ஆட்டங்களின் புள்ளிகள் இலங்கைக்கே கிடைத்தன. எங்கட ஊர்ப் பக்கம் நோன்பின் கடைசி நாட்கள். பெருநாள் கழிந்த கையோடு, 21ஆம் திகதி, சிம்பாப்வேயோடு இலங்கையின் முதல் ஆட்டம் நடந்தது.

ஆக, இலங்கை அந்தத் தொடரில் ஆடியது 6 ஆட்டம்தான். அந்த ஆறில் சனத் எடுத்த ஓட்டங்கள் வரிசையாக: 6, 79, 44, 82, 1, 9. மொத்தம் 221. அரவிந்த எடுத்தவை: 91, 8, 145, 31, 66, ஆட்டமிழக்காமல் 107. மொத்தம் 448. இரண்டு மடங்குக்கும் மேல். தொடராட்ட நாயகன், அதாவது தொடரின் மிகப் பெறுமதியான வீரர் என்ற விருது, 221 எடுத்தவருக்குப் போனது.

இதைப் பார்த்ததும் நானும் சாச்சா பக்கம்தான். ஆனால் கூட்டல் கணக்கால் மட்டும் முடிகிற வழக்கென்றால் விருது டெண்டுல்கருக்குத்தான் போயிருக்க வேண்டும். அவர் 523. அதனால் ஆட்டம் ஆட்டமாகப் போவம்.

மார்ச் 2, டெல்லி. டெண்டுல்கர் 137 அடித்து இந்தியா 271. அந்தக் காலத்தில் 271 என்றால் இன்றைக்கு 350 மாதிரி. முதல் 15 ஓவருக்கு வட்டத்துக்கு வெளியே இரண்டு பேர்தான் நிற்கலாம் என்ற விதி இருந்தது. பெரும்பாலான அணிகள் அந்த ஓவர்களில் புதுப் பந்தைப் பார்த்துப் பார்த்து ஆடி, விக்கெட்டைக் காப்பாற்றி, கடைசியில்தான் அடிக்கும். சனத்தும் களுவிதாரணவும் தலைகீழாகச் செய்தார்கள். முதல் 3 ஓவரில் 42 ஓட்டம். மனோஜ் பிரபாகர் என்ற வேகப்பந்து வீச்சாளர் 4 ஓவரில் 47 கொடுத்து, அதிலும் கடைசியில் வெட்கத்தை விட்டு சுழற்பந்து போட்டார். அதற்குப் பிறகு அவர் இந்தியாவுக்கு ஒரு சர்வதேச ஆட்டமும் ஆடவில்லை. ஒருத்தருடைய கிரிக்கெட் வாழ்க்கை அப்படி முடிகிறதைப் பார்ப்பது கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

மார்ச் 9, பைசலாபாத், காலிறுதி. இங்கிலாந்து 235. சனத் 44 பந்தில் 82. பந்துவீச்சிலும் 2 விக்கெட். இலங்கை 9 ஓவருக்கு மேல் மிச்சம் வைத்து வென்றது. இந்த இரண்டு ஆட்டத்திலும் ஆட்டநாயகன் அவர்தான். பத்திரிகைக்காரர்கள், எதிரணித் தலைவர்கள், எல்லாரும் இவரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த வாரம் அது. விருதின் பாதி அந்த வாரத்திலேயே எழுதப்பட்டுவிட்டது என்பது என் கணிப்பு.

நாங்கள் மறக்கிற விசயம் ஒன்று இருக்கிறது. இலங்கை காலிறுதிக்குப் போனதை டெல்லி ஆட்டம் தீர்மானிக்கவில்லை. வராத இரண்டு நாடுகளின் புள்ளியும் சிம்பாப்வேயோடு வென்ற புள்ளியும் கையில் இருந்தன. சிம்பாப்வேயோடு வென்றதும் யாரால்? அரவிந்த 91, குருசிங்க 87. சனத் 6, களு 0.

களுவைப் பற்றியும் ஒரு வார்த்தை. "சனத்-களு" என்று சேர்த்துத்தான் எல்லாரும் சொல்வார்கள், ஒரே பெயர் மாதிரி. களுவிதாரண அந்தத் தொடர் முழுக்க எடுத்தது 73 ஓட்டம். உலகத்தை மாற்றிய ஜோடியில் ஒருத்தருடைய கணக்கு இது. யோசனை பெரிது, கணக்கு சின்னது. அந்த யோசனையும் முழுக்கப் புதிதல்ல. 1992இல் நியூஸிலாந்தின் மார்க் கிரேட்பெட்ச் இதே 15 ஓவரில் இதே வேலையைச் செய்தார்.

இனி மார்ச் 13, கல்கத்தா ஈடன் கார்டன்ஸ், அரையிறுதி. ஸ்ரீநாத்தின் முதல் ஓவர். களு 0, சனத் 1, இரண்டு பேரும் தேர்ட் மேன் பக்கம் பிடி கொடுத்துப் போய்விட்டார்கள். ஓட்டம் 1, விக்கெட் 2. மைதானத்தில் ஒரு லட்சம் பேரளவில் கத்துகிறார்கள். உள்ளே வருகிறார் அரவிந்த.

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் பத்து ஓவர் தடுத்து ஆடியிருப்பார். அரவிந்த 47 பந்தில் 66, அதில் 14 பவுண்டரி. அவர் ஆட்டமிழந்தபோது அணியின் மொத்தம் 85. அந்த 85இல் 66 அவருடையது! நிலைமை மோசம் என்பதற்காக அணியின் திட்டத்தை அவர் கைவிடவில்லை. சனத் செய்ய வேண்டியிருந்த வேலையை சனத் போன பிறகு அவர் செய்து முடித்தார். பிறகு மஹாநாம 58 எடுத்து, 251 வரை போனது.

சாச்சாவோடு நான் முரண்படுகிற இடம் இதே ஆட்டத்தில்தான் வருகிறது. இந்தியா 98க்கு 1 விக்கெட். டெண்டுல்கர் 65இல் நிற்கிறார். அவர் நின்றால் ஆட்டம் போய்விடும். சனத்தின் பந்தில் களு ஸ்டம்ப் செய்தார். பிறகு மஞ்ச்ரேக்கர், ஜடேஜா இரண்டு பேரையும் சனத் போல்ட் ஆக்கினார். 7 ஓவர், 12 ஓட்டம், 3 விக்கெட். 98க்கு 1 என்று இருந்தது 120க்கு 8 ஆனது. போத்தல் வீசி, இருக்கைகளுக்குத் தீ வைத்து, கடைசியில் ஆட்ட மத்தியஸ்தர் கிளைவ் லொய்ட் இலங்கைக்கு வெற்றியைக் கொடுத்தார். நெருப்பு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது, அந்த 3 விக்கெட் ஒருத்தருக்கும் இல்லை. துடுப்பால் 1 ஓட்டம் எடுத்த அன்றும் சனத் வீணாகவில்லை.

மார்ச் 17, ஞாயிறு, லாகூர். அதுவரை நடந்த 5 உலகக் கிண்ண இறுதிப் போட்டிகளிலும் முதலில் துடுப்பெடுத்தாடிய அணிதான் வென்றிருந்தது. ரணதுங்க நாணயச்சுழற்சியில் வென்று களத்தடுப்பைத் தெரிவு செய்தார். அவுஸ்திரேலியா 137க்கு 1. டெய்லரும் பொன்டிங்கும் ஆடுகிற ஆட்டத்துக்கு 280 வரும் போல இருந்தது. பகுதிநேரப் பந்துவீச்சாளரான அரவிந்த இரண்டு பேரையும் எடுத்தார், பிறகு ஹீலியையும். 42 ஓட்டத்துக்கு 3 விக்கெட், அதோடு 2 பிடிகள். அவுஸ்திரேலியா 241இல் நின்றது.

பதிலுக்கு சனத் 9இல் ரன் அவுட், களு 6. 23க்கு 2. மறுபடியும் அதே படம். மறுபடியும் அதே ஆள் இறங்கி வந்தார். ஆனால் இந்தத் தடவை வேறு ஆட்டம். கல்கத்தாவில் ஓடினவர் லாகூரில் நடந்தார். 124 பந்தில் 107, கடைசிவரை ஆட்டமிழக்கவில்லை. குருசிங்க 65, ரணதுங்க ஆட்டமிழக்காமல் 47. 7 விக்கெட்டால் வெற்றி. உலகக் கிண்ண இறுதியில் சதம் அடித்த மூன்றாவது ஆள் அரவிந்த. முதல் இருவர் லொய்ட்டும் விவியன் ரிச்சர்ட்ஸும். இலக்கைத் துரத்தி அடித்ததில் இவர்தான் முதல் ஆள்.

அரையிறுதி, இறுதி இரண்டிலும் ஆட்டநாயகன் அரவிந்த. தொடரின் நாயகன் சனத்.

இப்படி நடப்பது இங்கே மட்டுமில்லை. 2002 உதைபந்தாட்ட உலகக் கிண்ணத்தில் தங்கப் பந்து ஜெர்மனியின் கோல்காப்பாளர் ஒலிவர் கானுக்கு. வாக்குகள் இறுதிப் போட்டிக்கு முன்னாலேயே போடப்பட்டவை. இறுதியில் ரிவால்டோ அடித்த பந்து அவர் கையில் இருந்து நழுவி ரொனால்டோ கோல் போட்டார். 8 கோல் அடித்து கிண்ணம் வென்ற ரொனால்டோவுக்கு விருது இல்லை. 2006இல் ஸிடேன் சிவப்பு அட்டையோடு வெளியேறின அடுத்த நாள் தங்கப் பந்து அவருக்கே அறிவிக்கப்பட்டது. அமெரிக்கர்கள் மட்டும் இதைக் கொஞ்சம் தெளிவாக வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய ஃபுட்போலில், முட்டை வடிவப் பந்தோடு ஆடுவதில், 50 ஊடகக்காரர்கள் நொக்-அவுட் சுற்று தொடங்க முன்னமே வாக்குப் போட்டு முடித்துவிடுவார்கள். அது பருவம் முழுக்க ஆடினதுக்கான விருது. இறுதிப் போட்டிக்கு வேறு விருது. இரண்டையும் ஒருத்தர் குழப்ப மாட்டார். (அங்கேயும் சண்டைக்குக் குறைவில்லை. 2012இல் எட்ரியன் பீட்டர்சனுக்குப் பிறகு அந்த விருதை எல்லாம் குவாட்டர்பெக்குகளே வாங்கிக்கொண்டு போகிறார்கள்.)

1996க்கு அந்த முறையைப் போட்டுப் பார்த்தால் காலிறுதி வரைக்கும் சனத்துக்குக் கொடுப்பதில் பெரிய பிழை இல்லை. கென்யாவுக்கு எதிராக அரவிந்த அடித்த 145ஐ யாரும் பெரிதாக எடுக்கமாட்டார்கள். ஆனால் விருது கொடுத்தது லாகூரில், கிண்ணத்தோடு.

இனி ஆளை எடுத்துப் பார்க்கிற கணக்கு. சனத்தை எடுத்தால் டெல்லி போகிறது, பைசலாபாத் இழுபறி, கல்கத்தாவில் டெண்டுல்கர் தொடர்ந்து ஆடுகிறார். சின்ன இழப்பில்லை. அரவிந்தவை எடுத்தால்? கல்கத்தாவில் 1க்கு 2 என்பதற்குப் பிறகு என்ன? லாகூரில் 137க்கு 1 என்பதற்குப் பிறகு என்ன, 23க்கு 2க்குப் பிறகு என்ன? கிண்ணம் இல்லை. கிண்ணம் இல்லாமல் இலங்கை அரையிறுதியில் தோற்றிருந்தால் சனத்தின் ஆட்டத்தை இன்றைக்கு என்ன சொல்லியிருப்போம்? நல்லா அடிச்சானுகள், பெரிய ஆட்டத்தில் முதல் ஓவரிலேயே கவிழ்ந்தானுகள், மடத்தனமான சூதாட்டம் என்றுதான்.

இன்னொன்று. சனத் ஏன் அப்படிப் பயமில்லாமல் அடிக்க முடிந்தது? பின்னால் குருசிங்க, அரவிந்த, ரணதுங்க, திலகரத்ன, மஹாநாம இருந்தார்கள். கடையில் கல்லா பெரிசாக இருந்தால்தான் கடன் கொடுக்கலாம். சனத் செலவழித்தது அரவிந்தவின் கல்லாவிலிருந்து. அந்தக் கல்லா 1996இல் திடீரென்று நிறைந்ததுமில்லை. அதற்கு முந்தின வருசம் அரவிந்த இங்கிலாந்தில் கென்ட் அணிக்கு ஆடினார். லோர்ட்ஸில் நடந்த பென்சன் அன்ட் ஹெட்ஜஸ் கிண்ண இறுதியில் லங்காஷயருக்கு எதிராக 112 அடித்தார். கென்ட் தோற்றது. ஆட்டநாயகன் விருதைத் தோற்ற அணிக்காரரான அவருக்கே கொடுத்தார்கள். தோற்ற இறுதியில் விருது வாங்கியவருக்கு, வென்ற தொடரில் கிடைக்கவில்லை.

அதனால் என் வாக்கு அரவிந்தவுக்கு. ஆனால் சாச்சா சொல்கிற மாதிரி சனத்துக்குக் கொடுத்தது அநியாயம் என்று சொல்லமாட்டேன். விருது கொடுத்தவர்கள் வேறு கேள்விக்குப் பதில் எழுதியிருக்கிறார்கள். கிண்ணத்தை யார் எடுத்துத் தந்தார் என்பதை விட்டுவிட்டு, இந்தத் தொடருக்குப் பிறகு கிரிக்கெட் யாரைப் போல ஆடப்படும் என்று பார்த்திருக்கிறார்கள். அதற்குப் பதில் சனத்தான். அந்த விசயத்தில் அவர்கள் தூரமாகத்தான் பார்த்தார்கள். இன்றைக்கு சந்தாங்கேணி மைதானத்தில் டெனிஸ் பந்தில் ஆடுகிற பத்து வயதுப் பொடியனும் முதல் பந்தை சிக்ஸருக்குத்தான் தூக்குகிறான்.

எங்கட ஊர்ச் சுற்றுத்தொடர்களிலும் தொடராட்ட நாயகன் கிண்ணம் கூடக் கோல் போட்டவனுக்கோ கூட சிக்ஸர் அடித்தவனுக்கோதான் போகிறது. ஒரு பின்களக்காரன் அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனதை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. நான் பின்களத்தில்தான் ஆடுகிறேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்த வழக்கில் பெயரே எடுபடாத மூன்றாவது ஆள் அசங்க குருசிங்க. 87, 25, 84, 45, 1, 65. மொத்தம் 307, சனத்தைவிட 86 ஓட்டம் அதிகம். லாகூரில் 23க்கு 2இல் அரவிந்தவோடு நின்று கரை சேர்த்தவர் அவர்தான். கிண்ணம் வென்று கொஞ்ச நாளிலேயே கிரிக்கெட்டை விட்டுவிட்டு அவுஸ்திரேலியாவில் போய்க் குடியேறிவிட்டார்.

போன கிழமை சாச்சாவிடம் இந்த எண்கள் எல்லாவற்றையும் காட்டினேன். அரவிந்தவின் 448ஐ இரண்டு தடவை வாசித்துச் சிரித்தார். சனத்தின் கல்கத்தா பந்துவீச்சைக் காட்டியபோது ஃபோனைக் கையில் வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். "7 ஓவருக்கு 12ஆ? டெண்டுல்கர எடுத்தது சனத்தா? நான் இவ்வளவு காலமும் முரளி எண்டெல்லோ சொல்லிட்டுத் திரிஞ்ச" என்றார். பிறகு, "எண்டாலும் அரவிந்ததான்."