ஜலத்தை அளந்து விடும் தொட்டி

சென்ற கோடையில் சித்தூரில் உறவினர் ஒருவர் இல்லத்தில் தங்கியிருந்தேன். இரவு முழுவதும் கழிவறைத் தொட்டியிலிருந்து ஜலம் கசியும் மெல்லிய ஓசை கேட்டுக்கொண்டிருந்தது. பொழுது விடிந்ததும் அவ்வீட்டார் தண்ணீர் லாரியை எதிர்பார்த்துக் குடங்களுடன் தெருவில் நின்றனர்! அன்பர்களே, அத்தொட்டி தோன்றியதன் காரணத்தை எண்ணியபோது எனக்கு நகைப்பும் வருத்தமும் ஒருங்கே உண்டாயின.

கழிவறையை ஜலம் பாய்ச்சிச் சுத்தம் செய்யும் சாதனத்தை 1596-இல் இங்கிலாந்தின் ஜான் ஹாரிங்டன் வருணித்து நூல் எழுதினார். 1775-இல் அலெக்ஸாண்டர் கம்மிங் என்னும் கடிகாரத் தொழிலாளர், வளைந்த குழாயில் சிறிது ஜலம் எப்போதும் தங்கி நின்று துர்நாற்றத்தைத் தடுக்கும்படி அமைத்து உரிமை பெற்றார். ஆயினும் லண்டன் மாநகரில் ஜலம் வீணாவது பெரிய தொல்லையாயிற்று. 1871-ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டி எழுந்த விதிகள், ஒரு தடவைக்கு இரண்டு காலன், அதாவது சுமார் 9 லிட்டர், என்று வரம்பு கட்டின. அந்த அளவை அளந்து விடுவதற்கே தொட்டி வந்தது. அதற்கு ஆங்கிலத்தில் வழங்கிய பெயரே ‘நீர் வீணாவதைத் தடுப்பது’ என்னும் பொருளுடையது.

கூரையருகே சங்கிலியுடன் தொங்கிய பழைய இரும்புத் தொட்டியைப் பலரும் கண்டிருப்பீர்கள். அதனுள்ளே நடுக்குழாயைக் கவிழ்த்து மூடியபடி மணி போன்ற ஓர் உறுப்பு உண்டு. சங்கிலியை இழுத்து விட்டால் மணி உயர்ந்து விழும். விழும் வேகத்தில் ஜலம் குழாயின் வாயைத் தாண்டும். பின்னர் எஞ்சியதையும் தானே இழுத்துக்கொண்டு இறங்கும். அடியில் திறந்து மூடும் கதவு இல்லாததால், கீழே கசிவதற்கும் வழியில்லை. இன்றைய தொட்டிகளிலோ ரப்பர் மூடியே காவல். பிரிட்டனில் அத்தகைய மூடியை 2001 வரை அனுமதிக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. அவ்விஷயத்தில் பழையதே மேலென்பது என் எண்ணம்.

திருமலையின் நிலையை நோக்குங்கள். கடல் மட்டத்திற்குச் சுமார் 850 மீட்டர் உயரத்தில், நாள்தோறும் பல்லாயிரம் யாத்திரிகர்கள் கூடும் இடம் அது. கோகர்ப்பம், பாபவிநாசம் ஆகிய மலையணைகளின் நீர் மட்டும் போதாமல், அடிவாரத்தில் 1977-இல் அமைந்த கல்யாணி அணையின் நீரும் இயந்திரங்களால் மேலே ஏற்றப்படுகிறது. அங்கே ஒரு தொட்டி கசிந்தால், மலையேறி வந்த ஜலமன்றோ சாக்கடைக்குப் போகிறது!

கசிவை அறிவது எளிது. தொட்டி ஜலத்தில் சிறிது சலவை நீலத்தைக் கரைத்து, அரைமணி நேரம் உபயோகிக்காமல் விடுங்கள். கீழே பீங்கானில் நீலம் தென்பட்டால் அடிமூடி பழுது. நீலம் தோன்றாமல், மேல்வழிகுழாயில் ஜலம் சிந்தினால் மிதவையைச் சற்றுத் தாழ்த்த வேண்டும். நீர்மட்டம் அக்குழாயின் வாய்க்கு ஓரங்குலம் கீழே நிற்பது நலம். ஆழ்துளைக் கிணற்று ஜலம் வரும் வீடுகளில், மூடி அமரும் விளிம்பில் சுண்ணாம்பு படியும். வினிகரில் நனைத்த துணியால் துடைத்தால் அது கரையும்.

உறவினர் வீட்டில் நீலம் கால்மணி நேரத்திலேயே இறங்கிவிட்டது. விளிம்பைத் துடைத்துப் புதிய ரப்பர் மூடியைப் பொருத்தினோம். அன்றிரவு ஓசை இல்லை.